மாதா கூட்டில் பாம்பு

எங்கள் வீட்டில் ஒரு மலைப்பாம்பு இருந்தது என்று இப்போது சொன்னால், கூட வேலை பார்க்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். போட்டோ இருக்கிறதா என்கிறார்கள். நான்காம் வகுப்பில் எனக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் மீன் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், ஒன்றுக்கு வால் கொஞ்சம் கிழிந்திருக்கும் என்று விவரம் வேறு. பொய் சொல்வதென்றால் அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், லயம் என்போம். அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு பார்க்கிற வேலை. அம்மா காய் எடுக்கப் போவாள். பாம்பைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

மாமா கோயம்புத்தூரில், மீனும் கிளியும் நாய்க்குட்டியும் விற்கிற கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் போன் வந்தது. அம்மா உடுத்திருந்த சேலையோடு பஸ் ஏறிப் போனாள். ஆஸ்பத்திரியில் தம்பியோடு சில நாள் இருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் காமாலை என்று என்னிடம் சொன்னார்கள். மஞ்சள் காமாலைக்காரர் வந்து சேர்ந்த அன்றே அப்பா ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, ஸ்டோரில் கொண்டுபோய்ப் பூட்டினார். மாமா குளிக்கப் போனால் அம்மா வெளியே நின்று, "தம்பி, தண்ணி சூடு போதுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உயிரை விடப் பார்த்த மனிதர் அவர். லயம் முழுக்க அது தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அவர் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். கடையில் ஒரு பாம்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வர மாட்டேன். யாரோ ஆசைக்கு வாங்கிப் போய், அலுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போன பாம்பு. ஆப்பிரிக்கா ஜாதி. விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அவ்வளவுதான் அதன் வீரம். அம்மா மண்புழுவைக் கண்டாலே மாதாவைக் கூப்பிடுகிறவள். தம்பியையும் பாம்பையும் ஒரு சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் நான்கு சீட்டு தள்ளி உட்கார்ந்து, ஊர் வந்து சேரும்வரை கண்ணை மூடாமல் இருவரையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

ஃபாரஸ்ட்காரர்கள் ஒருமுறை ஜீப்பில் வந்தார்கள். போட்டோ எடுத்து, யாரிடமோ போனில் கேட்டு, இது நம்ம காட்டுப் பாம்பு இல்லை என்று போய்விட்டார்கள். லயத்துக்காரர்கள் அப்படிப் போவார்களா? ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஏவாளின் கதை நடந்தபோது பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாத்தானுக்கு நான் அக்காள் முறை என்று எதிர் லயத்து அத்தையின் மகள் சொன்னாள். அவள் என் வகுப்புதான். என் ஆரஞ்சு மீன்கள் அன்றைக்கே செத்துப்போயின.

பாம்புக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகவில்லை. "நம்ம உடம்பு தன்னால சூடாகும் பாப்பா. இதுக்கு அது கெடையாது. வெளிய என்ன சூடோ அதான் உள்ளயும்" என்றார் மாமா. மூன்று வாரமாகப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். குளிர்ந்துபோனால் தின்றது செரிக்காது, நெஞ்சில் சளி கட்டும், பிறகு தாங்காது. அதனால் அவர் எழுந்தார். பாம்புக்குப் பெட்டி தேட எழுந்தார்.

முதலில் குமுளியிலிருந்து ஒரு பழைய மீன் தொட்டி. மேலே கம்பி வலை போட்டு, அதன்மேல் ஒரு பல்பைக் கவிழ்த்து வைத்தார். பல்பின் சூடெல்லாம் மேல்வழியாகக் கூரைக்குப் போனது. கண்ணாடி நான்கு பக்கமும் பனிக்கட்டிபோல் இருந்தது. பாம்பு ஒரு மூலையில் கண்ணாடியை முட்டிக்கொண்டு கிடந்தது. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி வைத்துப் பார்த்தார், விடிவதற்குள் ஆறிப்போகும். அடுப்படியில் வைக்கலாம் என்றாள் அம்மா. புகை அதன் நெஞ்சுக்கு ஆகாது என்றார் மாமா. அப்பா தன் பங்குக்கு யோசித்து, பாம்பைத் துணிப்பையில் போட்டு ஸ்டோரின் வெளிச்சுவரில் மாட்டினார். உள்ளே போட்டால் ஏலக்காயோடு அதுவும் காய்ந்துவிடும், வெளிச்சுவர் இதமாக இருக்கும். நல்ல யோசனைதான். சூப்பர்வைசர் அது ஏதோ பலகாரப் பை என்று நினைத்துக் கையை விடும்வரை நன்றாகவே நடந்தது. அதன்பிறகு ஸ்டோர் பக்கம் பாம்பு வரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

கடைசியில் மீன்காரரிடம் வாங்கிய தெர்மகோல் பெட்டி. சூட்டை நன்றாகப் பிடித்துவைத்தது. வீடு முழுக்க மத்தி நாறியது. பெட்டிக்குள் பல்பைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, மாமா மணிக்கணக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், மறுபக்கம் கொஞ்சம் ஆறலாக இருக்க வேண்டும், எது வேண்டுமோ அது போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார். சவரம் செய்துகொண்டார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கோ இந்த மத்தி நாற்றம் யூனிஃபார்மில் ஏறிவிட்டதா என்று கவலை.

அம்மா ஒருநாள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அது நல்லா இருக்கிற வரைக்கும் இவன் எந்திரிப்பான். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவனும் நமக்கு இல்ல." பெரியவர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அக்டோபர் வந்தது. எங்கள் பக்கத்தில் அது ஜெபமாலை மாதம். மாதா சிலையை, சுரூபம் என்போம், ஒரு மரக் கூட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு சாயங்காலம் வருகிற மாதா மறுநாள் சாயங்காலம்வரை அந்த வீட்டில் இருந்துவிட்டு, மெழுகுவர்த்தியும் பாட்டுமாக அடுத்த வீட்டுக்குப் போவாள். ஜெபமாலையைத் தொடங்குவது எப்போதும் அம்மாதான். முதல் பாதியை அம்மா சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். அம்மாவின் குரல் அப்படி. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீட்டிலிருந்து மாதா கிளம்புகிற அன்று நான் சம்மனசாக, தேவதூதர் வேஷத்தில், முன்னால் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளைக் கவுன், தலையில் ஜிகினா வளையம், முதுகில் அட்டையில் வெட்டி வெள்ளைத் தாள் ஒட்டிய இறக்கை. பாம்புக்காரி என்கிற பேரை அந்த ஒரு நடையில் கழுவிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

மாதா வந்த சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மாமா அந்தக் கூட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தோம். "அக்கா, இதப் பாத்தியா. மூணு பக்கமும் பலகை, முன்னாடி மட்டும் கண்ணாடி, மேல காத்துப் போறதுக்கு ஓட்டை, உள்ளயே பல்பு. இப்படித்தான்க்கா இருக்கணும்."

"வாயக் கழுவுடா" என்றாள் அம்மா.

மறுநாள் விடியற்காலையில் மாமா முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார். பாம்புக்கு அடியில் விரிக்கிற சூடு மேட் அங்கே ஒரு கடையில் வந்திருந்தது. வந்த நாளிலிருந்து அவர் தனியாக எங்கேயும் போனதில்லை. கடைக்குப் போனால்கூட அம்மா என்னைத் துணைக்கு அனுப்புவாள். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு ஸ்டோரில் அடுப்பு. பாம்புக்காகப் போகிறான், பாம்புக்காகத் திரும்பி வருவான் என்று அம்மா துணிந்து விட்டாள். தானும் லீவு போட்டுப் பாம்புக்குக் காவல் இருந்தாள்.

மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. இறக்கை நினைவாகவே பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால், வீடு முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பல்பு கம்பியிலிருந்து நழுவித் தெர்மகோலில் விழுந்து, ஒரு பக்கமே உருகிப் போயிருந்தது. நல்லவேளை, அம்மா பார்த்து அணைத்துவிட்டாள். ஆனால் புகை. கதவு சன்னல் எல்லாம் திறந்துவிட்டதில் குளிர் தங்குதடையில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பாம்பு சாக்கின் மேல் சுருளாமல் நீளமாகக் கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சு விடும்போது கீச்சென்று ஒரு சத்தம்.

போன் அடித்தது. அம்மாவின் கை ஈரம், அதனால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம், லோயர்கேம்ப்புக்கு மேல ஒரு வண்டியும் விடல. அது எப்படி இருக்கு?"

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தத் திறமை எனக்கு வேறு எங்கிருந்தோ வந்தது. பெட்டி உருகியதைச் சொன்னாள்.

"வாயத் தொறந்து வச்சிருக்கா?"

"லேசா."

"மூக்குல நுரை வருதா?"

குனிந்து பார்த்து, "கொஞ்சமா வருது" என்றாள் அம்மா.

"நான் வந்திருக்கக் கூடாது. எனக்கு எது கெடச்சாலும் இப்படித்தான்க்கா போகும். விடு. அவ்வளவுதான்னா அவ்வளவுதான். நான் இனி மேல வரல."

"தம்பி, நான் சொல்றதக் கேளு." அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, முகம் அப்படி இல்லை. "ஆளுங்க இருக்கிற எடமாப் பாத்து உக்காரு. டீ வாங்கிக் குடி. எங்கயும் நகரக் கூடாது. அது சாகாது. நான் பாத்துக்கறேன். ஒரு மணிக்கொருக்கா நானே கூப்பிடுறேன், எடுக்கணும். எடுப்பியா?"

"ம்."

"எடுப்பேன்னு சொல்லு."

"எடுப்பேன்க்கா."

போனை வைத்ததும் அம்மா எழுந்து மாதா கூட்டின் முன்னால் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து, சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி, தன் கல்யாணச் சேலையை மடித்துப் போட்டிருந்த மேசையில் வைத்தாள். அப்பாவின் கம்பளியைக் கையில் சுற்றிக்கொண்டு பாம்பிடம் போனாள். பாதியில் கம்பளி நழுவியது. வெறுங்கையாலேயே அள்ளிவிட்டாள்.

"ஜில்லுனு இருக்குடி" என்றாள், என்னிடமில்லை, தனக்குத்தானே. பாம்பை வைத்துக் கதவைச் சாத்தி, பல்பைப் போட்டாள். பழைய நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. மஞ்சள் வெளிச்சத்தில் பாம்பு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல இழுத்துச் சுருட்டிக்கொண்டது. அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் இறக்கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "அம்மா, ஆளுங்க வந்துருவாங்க. எடுத்துரு" என்று கெஞ்சினேன். அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

வந்துவிட்டார்கள். முதலில் எதிர் லயத்து அத்தை. எங்கள் லயங்களுக்கு ஜெபக் கூட்டத் தலைவி அவள்தான். பின்னால் குடைகள், மெழுகுவர்த்திகள், அவள் மகள், லயமே. பாடிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. மேசையில் மாதா. அவள் காலடியில், வழக்கம்போல, மிதிபடுகிற சின்னச் சிமெண்டுப் பாம்பு. கூட்டுக்குள், பல்பு வெளிச்சத்தில், சுகமாகச் சுருண்டு உயிருள்ள பாம்பு.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ?" என்றாள் அத்தை. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"மதினி, இன்னைக்கு ஒரு ராத்திரி கூடு இங்க இருக்கட்டும். மாதாவ நான் தூக்கிட்டு வாறேன்."

"மாதா இருக்கிற எடத்துல இதப் போட்டிருக்க. வெளிய எடு."

"மாதாவுக்குக் குளிராது மதினி. இதுக்குக் குளிரும்."

அத்தையின் மகள் என்னை, என் இறக்கையை, பாம்பை என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். அம்மா தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் தெரிந்ததுதானே, மனம் இளகியிருப்பார்கள். சொல்லவில்லை. அவனை நாலு பேர் பரிதாபப்பட விடுவதைவிடத் தன்னை நாலு பேர் ஏசுவது மேல் என்று நினைத்தாளோ என்னவோ. சுரூபத்தைத் தன் சால்வையில் சுற்றி, கைக்குழந்தையைப்போல் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு மழையில் இறங்கினாள். ஒரு கை சுரூபத்துக்கு, ஒரு கை குடைக்கு. "வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. கூட்டம் நகர்ந்தபோது பின்னால் தங்கி, யாரோ ஒருவருடைய பெரிய குடைக்குள் நுழைந்துகொண்டேன். சம்மனசு இல்லாமலே மாதா போனாள். அம்மாதான் ஜெபமாலையைத் தொடங்கினாள். அவள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தியபோது மறுபாதியைச் சொல்ல நாலைந்து குரல்தான் எழுந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. வளைவு திரும்புகிற இடத்தில் அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். என்னைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. சட்டென்று குனிந்து, முன்னால் போனவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மாமா மறுநாள் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூட்டிடம் போய்க் கண்ணாடியில் கையை வைத்தார். கூட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. பாம்பு படுத்த கூடு இனி எதற்கு என்று, கம்பத்திலிருந்து ஃபைபரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். மாமா பழையதில் சூடு மேட்டைப் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த மண்சட்டியையும் கவிழ்த்து வைத்தார். சளி தெளிந்து பாம்பு இரை எடுத்த அன்று லயத்தில் எல்லார் வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தார். பாதிப் பேர் வாங்கிக்கொண்டார்கள். அவர் இப்போது கம்பத்தில் இருக்கிறார். கிளிக் கூண்டும் மீன் தொட்டியும் செய்கிற கடை, இரண்டு பிள்ளைகள். பாம்பும் அவரோடுதான் இருக்கிறது, தடித்துப்போய்.

ஜெபமாலையைத் தொடங்குகிற உரிமை அத்தையின் மகளுக்குப் போயிற்று. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து மறுபாதியை மட்டும் சொன்னாள். அதற்கும் நான் அவமானப்பட்டேன். அந்தக் குடையை நினைத்து மட்டும் வேறு விதமாக அவமானப்பட்டேன். அது வருஷம் கூடக் கூடக் கூடியதே தவிரக் குறையவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு வளைவுல நீ திரும்பிப் பாத்தியேம்மா. என்னத் தேடினது தெரிஞ்சும் நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

அம்மா பிழிவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நீ எம் பின்னாலதானே வந்த?"

"இல்லம்மா."

"அப்படியா? நான் கவனிக்கலியே." எண்ணெயில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள். "நம்ம வீட்டு சன்னல்ல வெளிச்சம் இருக்கா, கரண்டு போயிருச்சான்னு பாத்தேன். உங்க மாமனுக்குப் போன் பண்ற நேரம் ஆயிருந்துச்சு."

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள், பார்த்தும் பொறுத்துக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்திருக்கிறது. அவள் என்னைத் தேடவே இல்லை. மலைக்குக் கீழே அவளுடைய தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நான் குடைக்குள் நின்று என் இறக்கை நனைகிறதே என்று அழுதுகொண்டிருந்தேன்.